ஆதாரமா, விளம்பரமா?

டாக்டர்களுக்கான தொடர் கல்விக் கூட்டங்களில் மேடையில் சொல்லப்படுவதுதான் மறுநாள் நோயாளியின் மருந்துச் சீட்டில் எழுதப்படுகிறது. ஒருபக்கச் சாய்வில்லாத உரையை எப்படித் தயாரிப்பது? அது ஏன் இத்தனை அரிதாக இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை காலை. நட்சத்திர ஓட்டல் ஒன்றின் குளிரூட்டப்பட்ட ஹால். வாசலில் பெயரைப் பதிவு செய்தால் கையில் ஒரு பை கிடைக்கும். அதில் ஒரு குறிப்பேடு, ஒரு பேனா. ஹாலுக்குள் போகும் வழியில் இரண்டு பக்கமும் மருந்துக் கம்பெனிகளின் ஸ்டால்கள். மேடையில் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நிபுணர். 20 நிமிடம், 60 ஸ்லைடுகள். கடைசி ஸ்லைடில் ஒரு புதிய மாத்திரை எல்லாப் பழைய மாத்திரைகளையும் வென்று நிற்கிறது. கைதட்டல். கேள்விகளுக்கு நேரமில்லை; சாப்பாடு தயார்.

அகமதாபாத்திலும் கான்பூரிலும் கௌகாத்தியிலும் கோவையிலும் வாரந்தோறும் நடக்கிற காட்சி இது. டாக்டர்கள் வட்டாரத்தில் சி.எம்.இ. என்று சொன்னாலே புரியும். தொடர் மருத்துவக் கல்வி என்பதன் சுருக்கம். அங்கே சொல்லப்படுவது மறுநாள் காலையே மருந்துச் சீட்டுக்கு வந்துவிடும். அந்தச் சீட்டுக்குப் பணம் கட்டி, அந்த மாத்திரையை விழுங்கப்போகிற நோயாளிக்கு மட்டும் ஹாலில் நாற்காலி கிடையாது.

இந்தக் கூட்டங்கள் வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. கல்லூரியை விட்டு வந்து 20 ஆண்டுகளான ஒரு டாக்டர் தான் படித்ததை மட்டும் வைத்துக்கொண்டு வைத்தியம் பார்த்தால் ஆபத்து. அதனால்தான் இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறைகள், ஒவ்வொரு டாக்டரும் ஐந்து ஆண்டுகளில் 30 மணி நேரமாவது இத்தகைய கூட்டங்களில் கலந்துகொள்ள வேண்டும் என்று சொல்லின. மணிக்கணக்கு தெளிவாக இருக்கிறது. அந்த 30 மணி நேரத்தில் சொல்லப்படுவது எந்த அளவுக்கு நம்பத் தகுந்தது என்பதை அளக்கத்தான் ஆளில்லை.

டாக்டர் ஃபாக்ஸின் பாடம்

கேட்பவர்கள் படித்தவர்கள்தானே, சரக்கில்லாத பேச்சைக் கண்டுபிடித்துவிட மாட்டார்களா? 1970-ல் அமெரிக்காவில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள்.

மருத்துவக் கல்வியாளர்களின் கூட்டம் ஒன்றில் டாக்டர் மைரன் ஃபாக்ஸ் என்பவர் பேச அழைக்கப்பட்டார். மனித நடத்தையில் கணிதத்தைப் பயன்படுத்துவதில் விற்பன்னர் என்று அறிமுகம். உண்மையில் அவர் ஒரு தொழில்முறை நடிகர். தலைப்பைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. ஒரு கட்டுரையைக் கொடுத்து, அதை வைத்துக்கொண்டு முன்னுக்குப் பின் முரணாக, இல்லாத சொற்களை உருவாக்கி, இடையிடையே ஜோக் அடித்துப் பேசும்படி பழக்கியிருந்தார்கள். அவர் பேசினார், கேள்விகளுக்கும் பதில் சொன்னார். அந்தப் பேச்சின் ஒளிப்பதிவை வேறு இரண்டு குழுக்களுக்கும் காட்டினார்கள். மொத்தம் 55 பேர். மனநல டாக்டர்கள், உளவியலாளர்கள், சமூகப் பணியாளர்கள், கல்வியாளர்கள். பெரும்பாலோர் பேச்சு சிந்திக்கத் தூண்டியது என்று எழுதிக்கொடுத்தார்கள். அவருடைய கட்டுரைகளை ஏற்கெனவே படித்திருப்பதாகக்கூட ஒருவர் குறிப்பிட்டிருந்தார். ஆள் போலி என்று ஒருவருக்கும் தெரியவில்லை. 1973-ல் இந்த ஆய்வு வெளியானது.

நல்ல குரலும் நகைச்சுவையும் இருந்தால் வெறும் பேச்சுகூட அறிவாகத் தோன்றிவிடும். கூட்டம் முடிந்ததும் நிரப்பித் தருகிற கருத்துப் படிவங்களை வைத்து உரையின் தரத்தை முடிவு செய்வது எவ்வளவு அபத்தம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஃபாக்ஸிடம் விற்பதற்கு ஒன்றுமில்லை. விற்பதற்குச் சரக்குள்ள ஒருவர் பின்னால் இருந்தால்?

செலவு யாருடையது?

ஹால் வாடகை, சாப்பாடு, பேச்சாளரின் விமான டிக்கெட் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். பெரும்பாலும் அது மருந்துக் கம்பெனிகளிடமிருந்து வருகிறது. இதைக் கட்டுப்படுத்த நடந்த முயற்சிகளின் கதை ஒரு பரமபத ஆட்டம்.

2009 டிசம்பரில் மருத்துவக் கவுன்சில் நெறிமுறைகளைத் திருத்தியது. மருந்துக் கம்பெனிகளிடமிருந்து பரிசுப் பொருள், ரொக்கம், விருந்தோம்பல், மாநாட்டுக்குப் போவதற்கான பயண டிக்கெட் எதையும் டாக்டர்கள் வாங்கக்கூடாது. இது ஏணி. 2016 பிப்ரவரியில் இன்னொரு திருத்தம். பரிசின் மதிப்பைப் பொறுத்துத் தண்டனை வகுக்கப்பட்டது. கூடவே, அந்த விதியின் வரம்பிலிருந்து டாக்டர்களின் சங்கங்கள் நீக்கப்பட்டன. தனி டாக்டர் டிக்கெட் வாங்கினால் குற்றம். மாநாடு நடத்தும் சங்கம் ஸ்டால் வாடகை வாங்கினால் விதி தொடாது. இது பாம்பு.

2022 பிப்ரவரி 22-ல் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. சென்னையைச் சேர்ந்த அபெக்ஸ் லேபரட்டரீஸ், ஜின்கோவிட் என்ற தன் மருந்தைப் பிரபலப்படுத்த டாக்டர்களுக்குச் செலவழித்த சுமார் 4.7 கோடி ரூபாய்க்கு வருமான வரி விலக்கு கேட்டிருந்தது. விருந்தோம்பல், மாநாட்டுக் கட்டணம், தங்கக் காசு, டி.வி., ஃபிரிட்ஜ், லேப்டாப் எல்லாம் அந்தச் செலவில் அடக்கம். வாங்குவது டாக்டருக்குக் குற்றம் என்றால் கொடுப்பதற்கு வரிச் சலுகை கிடையாது என்றது நீதிமன்றம். இலவசம் என்று பெயரிட்டாலும் அந்தச் செலவு மருந்தின் விலையில் ஏறி நோயாளியின் தலையில்தான் விழுகிறது என்பதையும் அது சுட்டிக்காட்டியது.

2023 ஆகஸ்ட் 2-ல் தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதிகளை வெளியிட்டது. மருந்துக் கம்பெனிகள் நேரடியாகவோ மறைமுகமாகவோ பணம் தரும் கருத்தரங்குகளில் டாக்டர்கள் ஈடுபடக்கூடாது என்றது அது. மூன்று வாரம்தான். எதிர்ப்பு கிளம்பி, ஆகஸ்ட் 23-ல் விதிகள் நிறுத்தி வைக்கப்பட்டன. பழைய 2002 விதிகளே திரும்பின. 2024 மார்ச்சில் மத்திய அரசின் மருந்துத் துறை, கம்பெனிகளுக்கான சீரான நடத்தை விதித் தொகுப்பை வெளியிட்டது. வெளிநாட்டில் சி.எம்.இ. நடத்தக்கூடாது, பேச்சாளராக வருபவர் தவிர மற்ற டாக்டர்களுக்குப் பயணச் செலவு கூடாது, நடத்திய கூட்டங்களின் செலவுக் கணக்கைக் கம்பெனி தன் இணையதளத்தில் போட வேண்டும். புகார் வந்தால் முதலில் விசாரிப்பது கம்பெனிகளின் சங்கத்திலேயே அமைந்த நெறிமுறைக் குழு.

விதிவிலக்கைக் கவனியுங்கள்: பேச்சாளர். பணம் சட்டப்படி போய்ச் சேரக்கூடிய இடம் மேடைதான். ஆகவே மேடையில் நிற்பவரின் நேர்மைக்கு முன்னெப்போதையும்விட இப்போது மதிப்பு அதிகம்.

'ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு விலைபோகிற ஆளா நான்?' என்று டாக்டர்கள் கோபப்படுவது இயல்பு. 1992-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதைத்தான் பரிசோதித்தது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியைச் சேர்ந்த டாக்டர்கள், இரண்டு மருந்துகளைப் பற்றிய கருத்தரங்குகளுக்குக் கம்பெனிச் செலவில் உல்லாச நகரங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். இது எங்கள் முடிவுகளைப் பாதிக்காது என்று போவதற்கு முன் அவர்களில் பெரும்பாலோர் சொன்னார்கள். திரும்பிய பிறகு ஒரு மருந்தின் உபயோகம் 81 அலகிலிருந்து 272-க்கும், மற்றது 34-லிருந்து 87-க்கும் ஏறியது. 2001-ல் வெளியான இன்னொரு ஆய்வில், கம்பெனிகளின் அன்பளிப்பு என்னைப் பாதிக்காது என்றவர்கள் 61 சதவீதம். மற்ற டாக்டர்களையும் பாதிக்காது என்று நம்பியவர்கள் 16 சதவீதம் மட்டுமே. இங்கே கெட்ட எண்ணம் இருக்க வேண்டிய அவசியமில்லை. சாய்வு என்பது அதைச் சுமப்பவருக்குத் தெரியாது; அதுதான் சிக்கல்.

சாய்வு நுழையும் நான்கு வாசல்கள்

அப்பட்டமான பொய்யை மேடையில் யாரும் சொல்வதில்லை. சொல்லவும் தேவையில்லை. உண்மையான எண்களை வைத்துக்கொண்டே திசைதிருப்ப முடியும்.

முதல் வாசல், தலைப்பு. எதைப் பற்றிப் பேசுவது என்று முடிவு செய்யும்போதே பாதி சாய்வு வந்துவிடுகிறது. ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் நடந்த ஆய்வு ஒன்று 2023-ல் வெளியானது. காசநோயாளிகளின் வீட்டில் வசிக்கும் 10,345 பேர் அதில் இடம்பெற்றார்கள். ஒரு பகுதியினருக்கு மாதந்தோறும் உணவுப் பொருள்கள் தரப்பட்டன: ஒரு நாளைக்கு 750 கலோரி, 23 கிராம் புரதம் கிடைக்கும் அளவு, கூடவே சத்து மாத்திரை. உணவு பெறாத வீடுகளில் 2.6 சதவீதம் பேருக்குக் காசநோய் வந்தது; பெற்ற வீடுகளில் 1.7 சதவீதம். மற்ற காரணிகளைக் கணக்கிட்டுப் பார்த்ததில் நோய் வரும் வாய்ப்பு 39 சதவீதம் குறைந்திருந்தது. இந்தியாவில், இந்தியர்களிடம், இந்தியாவின் தீராத நோய் ஒன்றைப் பற்றி நடந்த பிரமாதமான ஆய்வு. ஆனால் அரிசிக்கும் பருப்புக்கும் ரெப் கிடையாது. அவற்றுக்காக ஓட்டல் ஹாலை வாடகைக்கு எடுக்க யார் வருவார்கள்?

இரண்டாவது வாசல், எண்ணைச் சொல்லும் விதம். 2008-ல் வெளியான ஜூபிடர் ஆய்வில், கொழுப்பு அதிகமில்லாத, ஆனால் ரத்தத்தில் அழற்சியின் அறிகுறி கூடுதலாக இருந்த 17,802 பேருக்கு ரோசுவாஸ்டாடின் மாத்திரையோ வெற்று மாத்திரையோ தரப்பட்டது. இதய நோய், பக்கவாதம் போன்றவை 44 சதவீதம் குறைந்தன. மேடையில் இந்த 44 பெரிய எழுத்தில் மின்னும். அதே ஆய்வை இன்னொரு விதமாகவும் சொல்லலாம். வெற்று மாத்திரை சாப்பிட்ட 8,901 பேரில் 251 பேர் பாதிக்கப்பட்டார்கள். மருந்து சாப்பிட்ட 8,901 பேரில் 142 பேர். அதாவது 2.8 சதவீதம் 1.6 ஆனது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் 1,000 பேருக்கு மருந்து கொடுத்தால் சுமார் 12 பேருக்கு நன்மை. அதே ஆய்வில் புதிதாகச் சர்க்கரை நோய் வந்தவர்கள் வெற்று மாத்திரைக் குழுவில் 216, மருந்துக் குழுவில் 270. ஆயிரத்துக்கு 6 பேர் கூடுதல். மருந்து மோசமானது என்று இதற்கு அர்த்தமில்லை. மூன்று எண்களையும் கேட்ட டாக்டர் நோயாளியிடம் பேசும் விதமும், 44-ஐ மட்டும் கேட்டவர் பேசும் விதமும் வேறு வேறாக இருக்கும்.

வயாக்ஸ் கதை இன்னும் கொடுமை. ரோஃபெகாக்ஸிப் என்ற அந்த வலி மாத்திரையைப் பழைய நாப்ராக்ஸனோடு ஒப்பிட்ட ஆய்வு 2000-ல் வெளியானது. வயிற்றுப் புண் குறைகிறது என்பதுதான் தலைப்புச் செய்தி. மாரடைப்பு எண்ணிக்கையும் உள்ளே இருந்தது: புதிய மருந்தில் 0.4 சதவீதம், பழையதில் 0.1. புதிய மருந்து மாரடைப்பை நான்கு மடங்காக்குகிறது என்று இதை வாசித்திருக்கலாம். கட்டுரையோ நாப்ராக்ஸன் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது என்று திருப்பிப் போட்டுச் சொன்னது. 2004 செப்டம்பரில் மருந்து உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. மூன்று மாரடைப்புகள் கட்டுரையில் விடுபட்டிருந்ததாக, அதை வெளியிட்ட பத்திரிகையே 2005 டிசம்பரில் கவலை தெரிவித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை மேடைகளில் அந்த ஸ்லைடு ஓடியிருக்கும்!

மூன்றாவது வாசல், அளவுகோல். ரிப்போர்ட்டில் எண் குறைந்தால் நோயாளிக்கு நல்லது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சர்க்கரை நோயாளிகள் 10,251 பேரிடம் நடந்த அக்கார்ட் ஆய்வு 2008-ல் இந்த நம்பிக்கையை உலுக்கியது. ஒரு குழுவுக்கு மூன்று மாதச் சர்க்கரை அளவைத் தீவிரமாகக் குறைத்தார்கள். மற்றதற்கு வழக்கமான சிகிச்சை. தீவிர சிகிச்சை பெற்றவர்களின் ரிப்போர்ட் அழகாக இருந்தது. ஆனால் அந்தக் குழுவில் 257 பேர் இறந்தார்கள். மற்றதில் 203 பேர். தீவிர சிகிச்சை பாதியிலேயே நிறுத்தப்பட்டது. 'சர்க்கரையை இவ்வளவு குறைக்கிறது' என்று முடிகிற உரை, நோயாளி பிழைத்தாரா என்ற கேள்வியைத் தொடவே இல்லை.

நான்காவது வாசல், வெளிவராத ஆய்வுகள். மனச்சோர்வு மருந்துகளைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவான 74 ஆய்வுகளை ஒரு குழு தோண்டி எடுத்து 2008-ல் முடிவை வெளியிட்டது. மருந்துக்குச் சாதகமானவை 38. அவற்றில் 37 பத்திரிகைகளில் வந்துவிட்டன. பாதகமானவை அல்லது சந்தேகமானவை 36. அவற்றில் 22 வெளிவரவே இல்லை. 11 ஆய்வுகள் சாதகம்போலத் தோன்றும்படி எழுதப்பட்டன. மூன்று மட்டுமே உள்ளது உள்ளபடி வந்தன. பத்திரிகைகளை மட்டும் படிக்கிறவருக்கு 94 சதவீத ஆய்வுகள் வெற்றி. உண்மையில் 51 சதவீதம். பேச்சாளர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், கைக்கு எட்டியதை மட்டும் படித்துவிட்டுப் பேசினால் இந்த வலையில் விழுவார்.

நேர்மையான உரை: எப்படித் தயாரிப்பது?

வேலை ஸ்லைடில் தொடங்குவதில்லை, கேள்வியில் தொடங்குகிறது. 'ரத்தப் போக்குக்கான நவீன சிகிச்சை' என்பது தலைப்பு. அதற்கு விடை கிடையாது. 'விபத்தில் அடிபட்டு ரத்தம் வடியும் பெரியவருக்கு டிரனெக்ஸாமிக் அமிலம் கொடுத்தால், கொடுக்காததைவிட உயிர் பிழைக்கும் வாய்ப்பு கூடுமா?' என்பது கேள்வி. எந்த நோயாளி, என்ன சிகிச்சை, எதோடு ஒப்பீடு, என்ன விளைவு என்ற நான்கும் அதில் இருக்கின்றன. இந்த நான்கு இல்லாத கேள்விக்குத் தேடப் போனால் வேண்டியது மட்டும் கிடைக்கும்.

அடுத்தது தேடல். கம்பெனி தரும் வழவழப்பான கட்டுரைப் பிரதிகளை ஓரமாக வைத்துவிட வேண்டும். பப்மெட் எல்லோருக்கும் இலவசம். ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் நூலகத்தை இந்தியா முழுவதும் படிக்க 2007-ல் ஐ.சி.எம்.ஆர். வழி செய்தது. அதே 2007-ல் தொடங்கிய இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில், 2009 ஜூன் முதல் எல்லா மருந்து ஆய்வுகளையும் முன்கூட்டியே பதிவு செய்வது கட்டாயம். பதிவாகி, ஆண்டுகள் ஓடியும் முடிவு வெளிவராத ஆய்வு இருந்தால் அதுவும் ஒரு செய்தி; அதையும் மேடையில் சொல்ல வேண்டும். எந்தச் சொற்களை வைத்து, எந்தத் தேதியில் தேடினோம் என்று குறித்துக்கொண்டால் இன்னொருவர் அதே பாதையில் போய்ச் சரிபார்க்கலாம்.

மூன்றாவது, எடைபோடுதல். குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்து நடத்திய பெரிய ஆய்வும், ஒரு நிபுணரின் 30 ஆண்டு அனுபவமும் ஒரே தராசில் நிற்க முடியாது. ஆதாரத்தை உயர்ந்தது, நடுத்தரம், குறைவு, மிகக் குறைவு என்று நான்கு படிகளில் வைக்கும் கிரேடு முறை உலகெங்கும் பழக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பரிந்துரைக்குப் பக்கத்திலும் அது எந்தப் படி என்று போட்டுவிட்டால் பாதி வாய்ச்சவடால் தானாக அடங்கும். 'என் அனுபவத்தில்' என்று சொல்லத் தடையில்லை; அது அனுபவம் என்று சொல்லிவிட்டுச் சொல்ல வேண்டும்.

நான்காவது, எண்கள். மேலே சொன்ன கேள்வியையே எடுத்துக்கொள்வோம். கிராஷ்-2 ஆய்வு 2010-ல் வெளியானது. இந்தியா உள்பட 40 நாடுகள், 274 ஆஸ்பத்திரிகள், 20,211 நோயாளிகள். மருந்து கிடைக்காதவர்களில் 16 சதவீதம் பேர் இறந்தார்கள், கிடைத்தவர்களில் 14.5 சதவீதம். சுமார் 67 பேருக்குக் கொடுத்தால் ஒரு உயிர் மிச்சம். மருந்து பழையது, மலிவானது. உரையை இங்கேயே முடித்தால் கைதட்டல் நிச்சயம். ஆனால் 2011-ல் வந்த பின்தொடர் கணக்கையும் சொல்ல வேண்டும். அடிபட்ட ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தபோது ரத்தப் போக்கால் இறந்தவர்கள் 7.7 சதவீதத்திலிருந்து 5.3 ஆனார்கள். மூன்று மணி நேரம் கடந்து கொடுத்தபோது கதை தலைகீழ்: 3.1 சதவீதம் 4.4 ஆக உயர்ந்தது. நெடுஞ்சாலையில் அடிபட்டவர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரவே பல மணி நேரம் ஆகும் ஊரில் வேலை பார்க்கிற டாக்டருக்கு, எந்த எண் அதிகம் தேவை? நன்மை எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ, கெடுதலும் அதே அளவு எழுத்தில், அதே ஸ்லைடில் இருக்க வேண்டும் என்பதன் அர்த்தம் இதுதான்.

ஐந்தாவது, நம் நோயாளி. ஆய்வில் இருந்தவர்களின் வயதும் எடையும் உடன் இருந்த நோய்களும் நம் ஊர் நோயாளியோடு ஒத்துப்போகின்றனவா? மாதம் எவ்வளவு செலவாகும்? மாவட்ட ஆஸ்பத்திரியில் கிடைக்குமா? இந்தியச் சான்று இருந்தால் அதற்கு முதலிடம் தர வேண்டும். 1959-ல், காசநோயாளிகளை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம், சானடோரியத்தில் அடைக்க வேண்டியதில்லை என்று உலகத்துக்கு நிரூபித்தது சென்னையில் நடந்த ஆய்வுதான். மற்றவர்களின் எண்களை அப்படியே இறக்குமதி செய்ய வேண்டிய நிலையில் நாம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

ஆறாவது, பெயர். மருந்துகளை ஜெனரிக் பெயரில் மட்டுமே சொல்ல வேண்டும். ஒரே வகையில் பல மருந்துகள் இருந்தால் எல்லாவற்றையும் பட்டியலில் காட்ட வேண்டும். இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்து ஒரே மாத்திரையாக்கும் கலவைகள் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை. 2018 செப்டம்பரில் மத்திய அரசு 328 கலவை மருந்துகளைத் தடை செய்தது. அவற்றில் உள்ள பொருள்களின் சேர்க்கைக்கு மருத்துவ நியாயம் இல்லை என்பது நிபுணர் குழுவின் முடிவு. அவை அதுவரை கடைகளில் விற்றுக்கொண்டிருந்தவை. டாக்டர்கள் எழுதிக் கொடுத்தவை.

கடைசியாக, ஸ்லைடு யாருடையது? கம்பெனி தயாரித்துத் தரும் ஸ்லைடுகளை வாசித்துவிட்டுப் போகும் பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு, 2012 மே மாதம் வெளியான நாடாளுமன்ற நிலைக்குழுவின் 59-வது அறிக்கை மறைமுகமாக ஒரு சாட்சி. மருந்துகளுக்கு அனுமதி தருவது பற்றி வெவ்வேறு நிபுணர்கள் எழுதிய கருத்துக் கடிதங்கள் வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாக இருந்ததை அது கண்டுபிடித்தது. எழுதிய கை மருந்துக் கம்பெனிகளுடையது என்று குழு சந்தேகித்தது. கடிதத்தில் நடந்தது ஸ்லைடில் நடக்காதா? பேச்சாளர் தன் ஸ்லைடைத் தானே எழுத வேண்டும். கடந்த சில ஆண்டுகளில் எந்தக் கம்பெனியிடம் என்ன பெற்றார் என்பதை முதல் ஸ்லைடில் காட்டி, வாயாலும் சொல்ல வேண்டும். ஒரு நொடி மின்னி மறையும் அறிவிப்பு அறிவிப்பாகாது. தலைப்பில் தனக்கு நேரடி லாபம் இருந்தால் அந்தத் தலைப்பை இன்னொருவருக்கு விட்டுக்கொடுப்பதே கௌரவம்.

மாற்றிக்கொள்ளும் தைரியம்

இவ்வளவும் செய்தால் உரை சுவையற்றுப் போய்விடாதா என்று கேட்பவர்கள் உண்டு. 'தெரியாது' என்ற வார்த்தை மேடையில் எடுபடுவதில்லை என்பதும் உண்மைதான். ஆனால் அந்த வார்த்தையைச் சொல்லாததன் விலையை நாடு கொடுத்திருக்கிறது.

கொரோனா காலத்தில் குணமானவர்களின் பிளாஸ்மாவை நோயாளிகளுக்கு ஏற்றினார்கள். ஐ.சி.எம்.ஆர். நாட்டின் 39 ஆஸ்பத்திரிகளில் 464 பேரிடம் அதைச் சோதித்தது. பிளாஸ்மா பெற்றவர்களில் 19 சதவீதம் பேருக்கு நோய் முற்றியது அல்லது மரணம் நேர்ந்தது. பெறாதவர்களில் 18 சதவீதம். பலனில்லை. 2020 அக்டோபரில் முடிவு வெளியானது. உலகமே கவனித்த இந்திய ஆய்வு அது. ஆனால் தேசிய சிகிச்சை வழிகாட்டுதலிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டது 2021 மே மாதத்தில்தான். இரண்டாவது அலை உச்சத்தில் இருந்த அந்த ஏப்ரல், மே மாதங்களில் எத்தனை குடும்பங்கள் பிளாஸ்மா கொடுக்க ஆள் தேடி இரவு பகலாக அலைந்தன என்பதை யாரும் மறந்திருக்க முடியாது. ஆதாரம் கையில் இருந்தது. அதைச் சொல்ல வேண்டிய மேடைகளில் அது போதுமான அளவு ஒலிக்கவில்லை.

கம்பெனிகளின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. புதிய மருந்துகளைக் கண்டுபிடிப்பதும் பெரிய ஆய்வுகளை நடத்துவதும் பெரும்பாலும் அவர்கள்தான். அவர்கள் பணம் இல்லாவிட்டால் சிறிய ஊர்களில் கூட்டமே நடக்காது என்று சங்க நிர்வாகிகள் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. வழி இல்லாமல் இல்லை. ஓட்டல் ஹாலுக்குப் பதில் மருத்துவக் கல்லூரியின் அரங்கம். பேச்சாளர் தொலைவில் இருந்தால் திரையில் பேசட்டும். டாக்டர்கள் ஒரு சிறு தொகை கட்டணமாகக் கட்டட்டும்; ஒரு நாள் கிளினிக் வருமானத்தில் அது பெரிய தொகையாக இருக்காது. கம்பெனி பணம் தந்தே தீரவேண்டும் என்றால், பல கம்பெனிகளின் பணம் ஒரே பொது நிதியில் விழட்டும். தலைப்பையும் பேச்சாளரையும் தேர்ந்தெடுப்பதில் அவர்களுக்குக் குரல் வேண்டாம். அமெரிக்காவில் 2022 முதல் நடைமுறையில் உள்ள தர விதிகள், கல்விப் பகுதியையும் விளம்பரப் பகுதியையும் கண்டிப்பாகப் பிரித்து வைக்கச் சொல்கின்றன. மணிக்கணக்கைப் பார்த்துப் புள்ளி தரும் மாநில மருத்துவக் கவுன்சில்கள், ஸ்லைடுகளை மூன்று வாரம் முன்பே வாங்கி, தலைப்போடு சம்பந்தமில்லாத இருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

அதுவரை பொறுப்பு கேட்பவர்களிடமும் இருக்கிறது. 20 நிமிட உரையில் ஐந்து நிமிடம் கேள்விக்கு ஒதுக்கச் சொல்லி வற்புறுத்தலாம். எழுந்து நின்று மூன்றே கேள்விகள் கேட்டால் போதும். நூறு பேருக்குக் கொடுத்தால் எத்தனை பேருக்கு நன்மை, எத்தனை பேருக்குக் கெடுதல்? இதே வேலையைச் செய்யும் பழைய, மலிவான மருந்தோடு ஒப்பிட்டார்களா? இந்த உரைக்கும் இந்த ஆய்வுக்கும் யார் பணம் கொடுத்தார்கள்?

முதல் ஆள் கேட்கும்போது ஹாலில் சங்கடமான அமைதி நிலவும். அடுத்த கூட்டத்தில் இரண்டு பேர் கேட்பார்கள். அதற்கு அடுத்த கூட்டத்தில், பேச்சாளர் பதிலைத் தயாராக ஸ்லைடிலேயே போட்டுக்கொண்டு வருவார்.